பாடத்தையும் பள்ளியின் சுற்றுப்புறத்தையும் இணைப்பது எப்படி?

கேள்வி:
எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். அருகிலேயே நூலகம், தச்சுப்பட்டறை, கட்டடப் பணியிடம் எல்லாம் இருந்தும், மாணவர்களை அழைத்துச் சென்றால் அது வெறும் சுற்றுலாவாகவே முடிந்துவிடுகிறது. பாடத்தோடு இவற்றை எவ்வாறு இணைப்பது?

பதில் 1:
இடத்தை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற பாடத்தைத் தேடாதீர்கள்; மாணவர்கள் தடுமாறும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். பிதாகரஸ் தேற்றம் என்றால், கொத்தனார் ஒரு மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று அறிய, அம்மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, அவ்விரு புள்ளிகளுக்கு இடையே நாடாவைப் பிடித்து 5 அடி வருகிறதா என்று சரிபார்ப்பதை அவர்கள் அருகில் நின்று காண வேண்டும். கூடுதலாக வந்தால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. காரணத்தை அவரிடமே கேட்டுவிடாமல், வகுப்பிற்குத் திரும்பி அவர்களே நிறுவட்டும்.

பதில் 2:
நல்ல யோசனை. ஆயினும் பணியிடத்திற்குள் நாற்பது பேரை அழைத்துச் செல்வது ஆபத்தானது என்பதால், கொத்தனாரையே பள்ளி மைதானத்திற்கு அழைக்கலாம். நூலும் நாடாவும் நான்கு முளைகளும் போதும். இது புதிய சிந்தனையும் அன்று: அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பள்ளியில் தச்சும் நெசவும் பாடங்களோடு இணைந்தே நடந்தன.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மைதானத்திலேயே தொடங்குகிறேன், முதலில் கொத்தனாரை நான் தனியே சந்தித்து, விடையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.