ஓட்டுக் கூரை நகைக்கடைக்குப் பாதுகாப்புப் புகை மிசின் சரிவருமா?

கடைவீதி:
வணக்கம். திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் நகைக்கடை, பின்னுக்கு அடகு அறை. முன் கடை 7 மீற்றர் நீளம், 4.5 அகலம், சீலிங் 3.3 உயரம். பழைய ஓட்டுக் கூரை, அதுக்குக் கீழ பலகைச் சீலிங். முன்னால ரோலர் ஷட்டர், அதுக்கு மேல காற்று வர விட்ட கம்பிவலை. அலாரமும் கமராவும் ஏற்கனவே இருக்கு. அலாரம் அடிச்சாலும் ஆள் வந்து சேர முந்தி ஷோகேஸைத் துடைச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டதுதான் பயம். கள்ளன் உள்ள வந்தவுடன அறையைப் புகையால நிரப்புற மிசின் போட யோசிக்கிறன். எந்த அளவு வாங்க வேணும்? கரண்ட் இல்லாத நேரம் வேலை செய்யுமா? நகை, அடகுப் புத்தகங்கள் பழுதாகுமா? கலியாண மண்டபத்தில பாவிக்கிற புகை மிசினை அலாரத்தோட பொருத்தினா ஆகாதா?

அலாரம்வேலை:
கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: ஆகாது. மண்டப மிசின் கொஞ்ச நேரம் ஊதும், பிறகு சூடேற நிற்கும். நாள் முழுக்கக் கரண்டில் கிடக்கச் செய்த பொருள் அல்ல, பூட்டின கடைக்குள் அப்படி விடுவது நெருப்புக்கு வழி. திரவம் முடிந்தாலோ ஹீற்றர் செத்தாலோ அலாரத்துக்கு அறிவிக்கவும் அதில் வசதி இல்லை. பாதுகாப்பு மிசினுக்குள் நல்ல உறை போட்ட உலோகக் கட்டி ஒன்று எப்போதும் சூடாகவே இருக்கும். சிக்னல் வந்ததும் கிளைக்கோல் என்ற இரசாயனமும் தண்ணீரும் கலந்த திரவத்தை அதற்குள் அழுத்தித் தள்ளும். அது ஆவியாகி வெளியே வந்து, காற்றில் குளிர்ந்து வெள்ளைப் பனியாக நிற்கும். இந்த வகைக் கருவிக்கென்றே ஈஎன் 50131-8 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேளுங்கள்.

அளவு: 7 × 4.5 × 3.3 போட்டால் 104 கனமீற்றர். விற்பவர் காட்டும் கனமீற்றர் கணக்கு காற்றுப் புகாத அறைக்கு. உங்கள் கடை அப்படி இல்லை, ஆகவே 150 கனமீற்றருக்குக் குறையாததை எடுங்கள். "எத்தனை கனமீற்றர்" என்பதோடு "எத்தனை செக்கனில்" என்றும் கேட்க வேண்டும். ஒரு நிமிடத்தில் நிரப்பும் மிசின் நகைக்கடைக்குப் பிந்தியது. 10 முதல் 20 செக்கனுக்குள் ஒரு மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியக் கூடாது.

ஆனால் மிசின் வாங்க முன் அறையை மூடுங்கள். காசு வீணாகும் இடம் அதுதான். புகை சூடாக வருவதால் முதலில் மேலே போகும். ஷட்டருக்கு மேலுள்ள கம்பிவலை அதை அப்படியே வீதிக்குத் தள்ளிவிடும். இரவில் இறக்கி மூட உள்பக்கம் பிணைச்சல் போட்ட பலகை ஒன்று பொருத்துங்கள். சீலிங் பலகை இடுக்குகளுக்குச் சட்டம் அடித்து சிலிக்கன் விடுங்கள். கச்சான் காற்று வீசும் பின்னேரம் ஷட்டரை இறக்கிவிட்டு ஊதுபத்தியோடு சீலிங் ஓரம் முழுக்கச் சுற்றுங்கள். புகை இழுபடும் இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம்.

மிசினைப் பின்சுவரில், சீலிங்குக்குச் சற்றுக் கீழே, வாய் ஷோகேஸ்களுக்கு மேலாக ஷட்டரைப் பார்க்கிற மாதிரிப் பூட்டலாம். கள்ளன் பொருளை அடைய முன் புகை அவனை அடைய வேண்டும். வாய்க்கு நேரே இரண்டு மூன்று மீற்றருக்கு ஃபானோ, விளம்பரப் பலகையோ, கண்ணாடியோ இருக்கக் கூடாது. இருந்தால் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும், புகை குறையும். அடகு அறைக்கு இந்தப் புகையை நம்ப வேண்டாம். அதற்குத் தனிச் சிறிய மிசின், இல்லாவிட்டால் இரும்புக் கதவு.

மெயின்சுவிச்:
கரண்ட் விசயம் நான் சொல்லுறன். சூடேறும்போது ஒரு கிலோவாட்டுக்கு மேல இழுக்கிற மிசின்கள் அதிகம், சூடேறி முடிஞ்சா அதில சின்னப் பங்குதான். மல்டிப்ளக்கில குத்தாம தனி வயர், தனி பிரேக்கர் போடுங்கோ. கடையின் பொது ட்ரிப் சுவிச்சுக்குக் கீழ விடவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை இடிமின்னலில அது விழும், விடிய வந்து பாக்கிறபோது கட்டி ஆறிப்போய் இருக்கும். இந்த லைனுக்குத் தனி ஆர்சிபிஓ (கரண்ட் கசிஞ்சாலும் அளவு மீறினாலும் தானா விழுற பிரேக்கர்) போட்டா கடையில வேற எது ட்ரிப் ஆனாலும் இது நிக்கும்.

உள்ளுக்குள்ள 12 வோல்ட் பற்றரி இருக்கு. அது பம்பையும் போர்டையும் ஓட்டத்தான், ஹீற்றரை ஓட்டாது. கரண்ட் போனபிறகு கட்டியில மிஞ்சின சூட்டிலதான் புகை வரும். அது மொடலைப் பொறுத்து ஒரு மணித்தியாலம், சிலதில அதுக்கு மேலயும். திரும்பக் கரண்ட் வந்தாலும் சூடேற அரை மணித்தியாலம் அளவில வேணும். நம்ம ஊரில மீற்றர் பெட்டி வெளிச்சுவரில. தெரிஞ்ச கள்ளன் அதை நிப்பாட்டிப் போட்டு இரண்டு மணித்தியாலம் ஒதுங்கி இருந்துட்டு வருவான். அதனால மிசினில இருக்கிற "கரண்ட் இல்லை" றிலேயை (கரண்ட் போனதை அறிவிக்கிற சுவிச்) அலாரம் பெட்டிக்கு இழுத்து, அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா உங்கட ஃபோனுக்குச் செய்தி வரச் செய்யுங்கோ. என்ர கணக்கில இந்த ஒரு வயர்தான் முழு வேலையிலயும் முக்கியம்.

பற்றரியை இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ, இந்த வெக்கைக்கு அஞ்சு வருசம் தாங்காது. கடற்காத்துக்கு டேர்மினல் பச்சை பூக்கும், வயர் பூட்டின பிறகு மெல்லிசா வஸ்லின் பூசி விடுங்கோ.

சென்சர்கண்:
சிக்னல் எப்படிக் கொடுப்பது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. வேண்டாத நேரத்தில் மிசின் ஊதுவதற்குப் பெரும்பாலும் காரணம் காலையில் திறக்கும் ஊழியர் அலாரத்தை நிறுத்தும் இலக்கத்தைப் பிழையாக அழுத்துவது. அடுத்தது பல்லி. அசைவு சென்சரின் கண்ணாடியில் பல்லி ஊர்ந்தால் அதற்கு ஆள் நடக்கிற மாதிரித்தான் தெரியும். ஆகவே ஒரு சென்சரை நம்பி ஊத விடாதீர்கள். அலாரம் இயக்கி வைத்த நிலையில் இருக்க வேண்டும், அதோடு ஒரு நிமிடத்துக்குள் இரண்டு வெவ்வேறு சென்சர் அடிக்க வேண்டும். அப்போதுதான் புகை.

அந்த இரண்டும் எவை என்பதில்தான் கவனம் தேவை. ஷட்டர் திறந்தால் அடிக்கும் காந்தச் சென்சரும் உள் அசைவு சென்சரும் என்று மட்டும் வைத்தால், ஓட்டைக் கழற்றிச் சீலிங் வழியாக இறங்குபவனுக்குப் புகை வராது, ஷட்டர் அசையவே இல்லையே. சீலிங்குக்கு மேலே அதிர்வு சென்சர் ஒன்று போட்டு, மூன்றில் ஏதாவது இரண்டு என்று அமையுங்கள். ஷட்டர் திறந்து நீங்கள் இலக்கம் அழுத்தும் 30 செக்கன் தவணைக்குள் புகை வராதபடி நிறுவுபவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டுக்குக் கீழே பூட்டிய கடை முன்னிரவிலும் கொதிக்கும். அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கினால் சாதாரண அசைவு சென்சருக்கு ஆள் மங்கிவிடும். அறைச் சூட்டுக்கு ஏற்ப உணர்வைத் தானே கூட்டிக்கொள்ளும் வெப்ப ஈடுசெய்யும் வகை வாங்குங்கள். புகை நிரம்பிய பிறகு அந்தச் சென்சரும் சரியாக உணராது, ஆகவே இரண்டாம் மூன்றாம் ஊதலை நேரக் கணக்கில் விடுங்கள். கமராவும் அப்படியே, இரவு வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி வெறும் வெள்ளைதான் பதிவாகும். முகம் பிடிக்க ஒரு கமரா ஷட்டருக்கு வெளியே இருக்க வேண்டும்.

கடைவீதி:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு விசயம். பகலில கத்தியோட வந்தா அமத்த கவுண்டருக்குக் கீழ ஒரு பட்டன் வைக்கலாமா? பின்பக்க மேல் வீட்டில ஆக்கள் இருக்கினம், ஒருவருக்கு இழுப்பு. புகை அங்க ஏறுமா?

அலாரம்வேலை:
பகல் பட்டன் வேண்டாம் என்பது என் கருத்து. ஆயுதத்தோடு நிற்பவனையும் வாடிக்கையாளரையும் ஒன்றும் தெரியாத அறைக்குள் சேர்த்து அடைப்பதாகிவிடும். உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே எட்டில் பூட்டிக்கொள்ளக்கூடிய அறை இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மேல் வீட்டுக்குப் படிக்கட்டுக் கதவு மட்டுமே தொடர்பு என்றால் அதன் நாலு பக்கமும் ரப்பர் அடியுங்கள். சீலிங்கில் பொத்தல் இருந்தால் நிச்சயம் ஏறும். சாதாரண ஆளுக்குத் தொண்டையும் கண்ணும் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். இழுப்புக்காரருக்கு அது போதும் மூச்சு முட்ட. அடித்தால் அவர் உடனே வெளியே போக வேண்டும், அவர் போகும் வழி கடைக்குள்ளால் இருக்கக் கூடாது. கடைக்குள் தீ அறிவிக்கும் புகைச் சென்சர் இருந்தால் அதுவும் அடிக்கும். கழற்றி வைக்காமல், அந்த அறைக்கு வெப்பச் சென்சராக மாற்றுங்கள்.

நகைக்கு ஒன்றும் ஆகாது. அளவோடு ஊதினால் படிவு இல்லை. அளவு மீறினால் தரையிலும் கண்ணாடியிலும் வழுக்கும் படலம் வரும், ஈரத் துணியும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். அடகுப் புத்தகங்களை இரவில் இரும்பு அலுமாரியில் வையுங்கள்.

அலாரம் வந்தால் 119க்குச் சொல்லிவிட்டு வெளியே நில்லுங்கள். பொலிஸ் வர முன் ஷட்டரைத் தூக்க வேண்டாம், ஆள் உள்ளேயே இருக்கலாம், தூக்கினால் புகையும் போய்விடும். இப்படி ஒரு மிசின் இருக்கிறது, நெருப்பு அல்ல என்று பொலிசுக்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஷட்டரில் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டுங்கள், அதை வாசித்துவிட்டே சிலர் விலகிப் போவார்கள்.

மெயின்சுவிச்:
ஒண்டு விட்டுப்போச்சு. வருசத்துக்கு ஒருக்காவது ஒரு செக்கன் ஊதிப் பாக்க வேணும். மூடி இல்லாத வாய் எண்டா அதுக்குள்ள குளவி மண்கூடு கட்டும், மாசத்துக்கு ஒருக்கா ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. திரவம் மிசின் செய்தவன்ர போத்தல்தான், திகதி முடிஞ்சா மாத்துங்கோ. மலிவெண்டு மண்டபத் திரவத்தை ஊத்தினா கட்டிக்குள்ள இருக்கிற மெல்லிய குழாய் கரி பிடிச்சு அடைக்கும். பிறகு முழுக் கட்டியும் புதுசாத்தான் போட வேணும்.