லேப்டாப் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை, கீபோர்டு வழியாகவே தீர்வு சொல்லுங்கள்

வேதாரண்யம் ஆசிரியர்:

வணக்கம். வேதாரண்யம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எனக்குப் பார்வை முற்றிலும் இல்லை. என்விடிஏ திரைவாசிப்பான் படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் லேப்டாப்பில் எல்லா வேலையும். போன வாரம் மழை விட்ட மறுநாள் காலையில் திறந்தால் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. மற்றவர்களுக்கு இது பாட்டு கேட்க முடியாத சங்கடம். எனக்கு லேப்டாப்பே இல்லை என்று அர்த்தம்.

ஒலியைக் கூட்டும் கீ, மியூட் கீ இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸோடு வருகிற திரைவாசிப்பானான நரேட்டரைக் கூப்பிட்டேன், அதுவும் பேசவில்லை. ஆகவே என்விடிஏ மேல் தப்பில்லை. விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு யு, பிறகு ஆர் அழுத்தி ரீஸ்டார்ட் செய்தும் பலன் இல்லை. பழைய ஹெட்போன் ஒன்று இருக்கிறது. பின்னை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் வலது காதில் மட்டும் கேட்கிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஒரு கையால் பின்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எவ்வளவு நேரம் டைப் செய்வது?

கடையில் போனில் கேட்டதற்கு, டிரைவர், அதாவது ஒலிச் சாதனத்தை இயக்கும் மென்பொருள், போயிருக்கும், திரும்பப் போடுங்கள் என்றார்கள். வீடியோக்களில் எல்லோரும் "இங்கே கிளிக் செய்யுங்கள்" என்கிறார்கள். எந்த இடம், என்ன பெயர் என்று வாயால் சொல்வதே இல்லை. தயவுசெய்து கீ கீயாகச் சொல்லுங்கள். படம் அனுப்ப வேண்டாம். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் பாதியில் நிற்கிறது. இதைக் கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் உதவியோடு எழுதுகிறேன்.

குத்தாலம் வாசகி:

அண்ணா, நானும் என்விடிஏதான். காரணத்தைத் தேடுவது அப்புறம், முதலில் குரல் வேண்டும். யுஎஸ்பி முனை உள்ள ஹெட்செட் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். வட்டப் பின் உள்ளது வேண்டாம், பென்டிரைவ் செருகும் துளையில் போகிற முனை. அதற்குள்ளேயே தனிச் சவுண்ட் கார்டு இருக்கிறது, வட்டப் பின் செருகும் துளையான லேப்டாப்பின் ஜாக்கையோ ஸ்பீக்கரையோ நம்பி இல்லை. செருகிக் கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலும் விண்டோஸ் தானாக அதற்கு மாறிவிடும், என்விடிஏயும் கூடவே வரும். புளூடூத் இப்போது வேண்டாம். இணைப்பதற்கே திரையில் வருவதைப் படிக்க வேண்டியிருக்கும், அதற்குக் குரல் இல்லையே.

குரல் வந்த பிறகு அந்த ஹெட்செட்டைப் பையிலேயே வைத்திருங்கள். என்னிடம் எப்போதும் ஒன்று உண்டு.

திருத்துறைப்பூண்டி சர்வீஸ்:

சார், வணக்கம். டிரைவர் போயிருந்தால் அந்த ஹெட்போனிலும் சத்தம் வராது. பின்னைச் சாய்த்தால் கேட்கிறது என்றீர்களே, அதுதான் துப்பு. உங்கள் ஜாக் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

3.5 மில்லிமீட்டர் ஜாக்குக்குள்ளே ஒரு சின்னத் தகடு சுவிட்ச் மாதிரி இருக்கும். பின் நுழைந்ததும் அது நகரும், சவுண்ட் சிப் உடனே ஸ்பீக்கரை அடைத்துவிடும். தகடு கறுத்தோ வளைந்தோ மாட்டிக்கொண்டால், பின்னை எடுத்த பிறகும் ஹெட்போன் இருப்பதாகவே லேப்டாப் நினைக்கும். கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கத்திலிருந்து வருகிற லேப்டாப்புகளில் இதை நிறையப் பார்க்கிறேன். உப்புக் காற்று, அதோடு ஐப்பசி கார்த்திகை ஈரம். செம்பும் பித்தளையும் சீக்கிரம் பச்சை பூத்துவிடும்.

யுஎஸ்பி ஹெட்செட் வந்ததும் இதைச் செய்யுங்கள். வட்டப் பின் எதுவும் செருகியிருக்கக் கூடாது. விண்டோஸ் கீயோடு ஆர். வருகிற பெட்டியில் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். திறப்பது ஒலிச் சாதனங்களின் பட்டியல். மேல் கீழ் அம்புக்குறியில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். லேப்டாப்பின் சொந்த ஹெட்போன், அதாவது ஜாக்கில் செருகுவது, தயாராக இருப்பதாகச் சொன்னால் ஜாக்தான் என்று வைத்துக்கொள்ளலாம். சில மாடல்களில் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் ஒரே பெயர்தான் வரும், அப்போது இந்தச் சோதனை உதவாது.

சுத்தம் செய்ய: லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பல் இடுக்குப் பிரஷ்ஷை லேசாக நனைத்து, ஜாக்குக்குள் சுற்றி எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பின்னைப் பலமுறை செருகி எடுங்கள். ஊக்கு, ஊசி உள்ளே விட வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நாகை மாணவன்:

சார், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸில் ஒலியைக் கட்டுப்படுத்த ஆல்சாமிக்ஸர் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆட்டோ மியூட் என்பதை அணைத்தால், ஜாக் மாட்டிக்கொண்டிருந்தாலும் பல லேப்டாப்புகளில் ஸ்பீக்கர் பேசும். பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், அதில் ஆர்கா திரைவாசிப்பான் இருக்கிறது.

வேதாரண்யம் ஆசிரியர்:

தம்பி, நல்ல யோசனை. ஆனால் பென்டிரைவிலிருந்து பூட் செய்யும், அதாவது லேப்டாப்பைத் தொடங்கும், மெனு வாய் திறக்காது, பார்வை உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். லேப்டாப் செய்கிறவர்கள் அந்த முதல் திரைக்கும் ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்று நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

யுஎஸ்பி ஹெட்செட் வந்துவிட்டது. தங்கச்சி, செருகியதும் பேசியது, உங்களுக்குப் பெரிய நன்றி. இரண்டு கையும் விடுதலை, வினாத்தாளை முடித்துவிட்டேன். பட்டியலில் சொந்த ஹெட்போன் தயார் என்றே வந்தது, ஜாக்கில் எதுவும் இல்லாமலே. பள்ளி ஆய்வக உதவியாளர் ஆல்கஹால் வைத்துத் துடைத்துக் கொடுத்தார். இப்போது ஸ்பீக்கர் பேசுகிறது, ஆனால் ஜாக் ஓரத்தில் விரல் பட்டால் நின்றுவிடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

திருத்துறைப்பூண்டி சர்வீஸ்:

மாற்றிவிடுங்கள் சார், தேர்வு முடிந்த பிறகு போதும். சில மாடல்களில் ஜாக் தனிச் சின்ன போர்டில் இருக்கும், அந்த போர்டை மட்டும் மாற்றினால் ஆயிற்று. முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைத்திருந்தால் வேலை கூடுதல். எந்தக் கடைக்குப் போனாலும் இதை முதலில் கேட்டு, செலவைப் பேசிக்கொண்டு பிறகு கொடுங்கள். மதர்போர்டே போய்விட்டது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், யுஎஸ்பியில் ஒழுங்காக ஓடுகிற லேப்டாப் அது. காசு கொடுக்கும் முன் அங்கேயே என்விடிஏயை ஓடவிட்டு, ஹெட்போனைச் செருகி எடுத்து, ஸ்பீக்கர் உடனே திரும்பப் பேசுகிறதா என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.