மருந்து ட்ரோனும் கல்யாண ட்ரோனும்: வயலுக்கு மேல் யாருக்கு வழி?

நீடாமங்கலத்தான்:
போன வாரம் தாளடி நெல்லுக்கு ட்ரோனில் மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். வெண்ணாற்றங்கரையில் கல்யாண ஜோடி ஒன்றை நிறுத்தி ஒரு குழு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய ட்ரோனுக்கு சிக்னல் அறுந்து அது தானாகக் கரைக்குத் திரும்பிய நேரமும், எங்கள் ட்ரோன் டேங்க் காலியாகி மேலெழும்பித் திரும்பிய நேரமும் ஒன்றாகிவிட்டது. ஐந்தாறு அடி இடைவெளியில் தப்பியது. பக்கத்து வயலில் பெண்கள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். காலி டேங்கோடு என்றாலும் பத்து கிலோவுக்கு மேல் எடை, சுழலும் இறக்கையோடு விழுந்திருந்தால் நினைக்கவே நடுங்குகிறது.

என் கருத்து இதுதான். பறக்கும் ஒவ்வொரு ட்ரோனும் தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் மற்றவர்களுக்குக் காட்டும் கருவியோடுதான் கிளம்ப வேண்டும். 2021 ட்ரோன் விதிகளிலேயே இதைக் கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆறு மாதமாவது அவகாசம் கொடுத்துவிட்டுச் செய்யலாம். இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

மன்னார்குடி பைலட்:
அண்ணா, பெண்கள் நின்ற இடம் என்றதும் எனக்கும் பதறுகிறது, நானும் மகளிர் குழுவில் இருந்து ட்ரோன் ஓட்டுகிறவள்தான். ஆனால் நீங்கள் கேட்கும் தீர்வு சரியில்லை. எங்களுக்குக் கிடைப்பது காலை ஆறு மணியில் இருந்து ஒன்பது வரை, காற்று எழும்புவதற்குள். அப்புறம் அடித்தால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும், சண்டை வரும். அரசு வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று காட்டும் பகுதியில் 400 அடி வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம் என்று விதி வந்த பிறகுதான் இந்தத் தொழிலே ஊருக்குள் வந்தது. இப்போது கருவி வாங்கு, செயலியில் பதிவு செய், சிக்னல் வந்தால் கிளம்பு என்றால் முதலில் நிற்பது நாங்கள்தான். எங்களிடம் பயிற்சி இருக்கிறது, ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கிறது. 250 கிராமுக்குள் உள்ள நானோ ட்ரோனுக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. தவறு செய்தவர் ஒருவர், செலவு எங்கள் தலையிலா?

கும்பகோணம் கேமரா:
தவறு என்று எப்படி முடிவு செய்தீர்கள் அக்கா? அந்தக் குழு நாங்கள் இல்லை, ஆனால் எங்களுக்கும் இதே நிலைமைதான். கரையில் நின்று பார்த்தால் உங்கள் ட்ரோன் கண்ணிலேயே படாது. பயிரை ஒட்டி இரண்டு மூன்று மீட்டரில் போகிறது, நடுவில் மூங்கில் கொல்லையும் தென்னையும். இப்போது குடமுழுக்கிலும் ட்ரோனில் புனித நீர் தெளிக்கிறார்கள், ஒரே கோபுரத்தைச் சுற்றி மூன்று நான்கு பறக்கிறது. அங்கே கீழே கூட்டம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வடவாற்று எஞ்சினியர்:
மூன்று பேரும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறீர்கள். நீங்கள் சொல்லும் உயரம் ஒரே உயரம் இல்லை. பெரும்பாலான ட்ரோன்கள் தாம் கிளம்பிய தரையைப் பூஜ்யமாக வைத்துக் காற்றழுத்தத்தைக் கொண்டுதான் உயரத்தைக் கணக்கிடுகின்றன. வீடியோக்காரர் கிளம்பியது ஆற்றங்கரையில், நீங்கள் கிளம்பியது களத்தில். கரை நான்கு மீட்டர் உயரம் என்றால் அவருடைய 30 உங்களுக்கு 34. வெயில் ஏற ஏற அழுத்தம் மாறுவதில் இன்னும் ஓரிரு மீட்டர் நகரும். ஆகவே ஒருவர் 30, ஒருவர் 35 என்று வைத்துக்கொண்டு பிரிந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொன்று. சிக்னல் போனால் ட்ரோன் முதலில் நாம் வைத்த திரும்பும் உயரத்துக்கு ஏறும், பிறகு கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பும். வழியில் யார் இருக்கிறார்கள் என்பது சின்ன ட்ரோன்கள் பலவற்றுக்குத் தெரியாது. நீடாமங்கலத்தில் நடந்தது அதுதான். வேலை செய்யும்போது இருவருக்கும் நடுவில் நிறைய இடைவெளி, திரும்பும்போது மட்டும் ஒரே அடுக்கு.

400 அடி என்பதும் சும்மா வைத்த எண் இல்லை. திறந்த வெளியில் ஆளுள்ள விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே வருவதில்லை. ஆனால் தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 முதல் சுகோய் படைப்பிரிவே அங்கே நிற்கிறது. வெள்ளக் காலத்தில் ஹெலிகாப்டர் இன்னும் தாழ்வாக வரும். அவற்றுக்கு வழிவிட வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. மருந்து ட்ரோனா, கல்யாண ட்ரோனா, யார் முதலில் என்பதற்கு அப்படி ஒரு வரி கிடையாது.

நீடாமங்கலத்தான்:
அதைத்தானே சார் நானும் சொல்கிறேன், கருவி இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வடவாற்று எஞ்சினியர்:
எந்தக் கருவி என்பதுதான் கேள்வி. செல்போன் நெட்வொர்க் வழியாக இடத்தை அனுப்புவது ஒரு வகை, நடு வயலில் டவர் கிடைக்காவிட்டால் அது ஊமை. ட்ரோனே புளூடூத், வைஃபை மூலம் சுற்றிலும் அறிவிப்பது இன்னொரு வகை. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் இதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துகிறார்கள். சில நூறு மீட்டர் எட்டினாலும் நமக்குப் போதும், டவரும் வேண்டாம். 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் போக்குவரத்துக் கொள்கை பெரிய திட்டம், அது நம் வாய்க்கால் வரை வருகிற வரைக்கும் நாமே திரும்பும் உயரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். மருந்து ட்ரோன் தென்னையைத் தாண்டும்படி தரையில் இருந்து 30 மீட்டர், வீடியோ ட்ரோன் 60. நடுவில் 30 மீட்டர் இருந்தால் கரை உயரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

கும்பகோணம் கேமரா:
60 முடியாது சார். ஐப்பசி, கார்த்திகையில் மேலே போகப் போக வாடைக்காற்று. என்னுடையது 250 கிராமுக்குள், அந்த உயரத்தில் காற்றை எதிர்த்துத் திரும்பவே பேட்டரி தீர்ந்துவிடும், ஆற்றில்தான் விழும். எங்களைக் கீழே விட்டு அவர்கள் மேலே போகட்டுமே?

மன்னார்குடி பைலட்:
நிறைந்த டேங்கோடு எங்களை இன்னும் மேலே ஏறச் சொல்கிறீர்களா? பேட்டரி எங்களுக்கும் ஏழெட்டு நிமிடம்தான் நிற்கிறது தம்பி. உங்கள் திரும்பும் உயரத்தை 50 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் காற்று இருந்தால் அன்று காலை பறக்காதீர்கள். வீடியோ மாலையிலும் எடுக்கலாம், நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி மாலை வரை காத்திருக்காது.

நீடாமங்கலத்தான்:
கருவி கட்டாயம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் 50க்குச் சம்மதம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வெண்ணாற்றங்கரைக்கு வாருங்கள், வயலில் ஆளே இல்லாத நேரம். கரையில் இருந்து ஒன்று, களத்தில் இருந்து ஒன்று, இரண்டையும் 50 காட்டும்படி தூரமாக நிறுத்தி, உண்மையில் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று அளந்து பார்த்துவிடுவோம். எஞ்சினியர் சாரும் வர வேண்டும்.