பச்சிளங்குழந்தைகளின் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம்: ஆய்வுக்கு உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிறந்தவுடன் நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்திற்கு ஆளாகி மீண்ட குழந்தைகள், பள்ளி வயதில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து வருகிறேன்.

கருவில் நுரையீரலுக்கு மூச்சு வேலை இல்லாததால் அதன் ரத்தக் குழாய்கள் இறுகியே இருக்கும். பிறந்தபின் அவை தளராவிட்டால், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நுரையீரலுக்குள் போகாமலேயே உடலுக்குத் திரும்பிவிடுகிறது. வலது கையில் ரத்த ஆக்சிஜன் அளவை 95 சதவீதமாகக் காட்டும் ஆக்சிமீட்டர் காலில் 85 காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். அதற்காக, இரண்டும் சமமாக இருந்தாலே நோயில்லை என்று முடிவு செய்துவிடவும் கூடாது.

இந்த ரத்தக் குழாய்களைத் தளர்த்த, முழுமாதக் குழந்தைகளுக்கு மூச்சு வழியே தரப்படும் நைட்ரிக் ஆக்சைடு வாயு சிகிச்சை 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் உடனடிப் பலன் குறித்த சான்றுகளுக்குக் குறைவில்லை. எனக்குத் தட்டுப்படாதவை, வென்டிலேட்டரில் நெடுநாள் இருந்த குறைமாதக் குழந்தைகளை வீடு திரும்பிய பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள்தான். என் பார்வையில், உயிர் பிழைத்த விகிதத்தைவிட இதுவே முக்கியமான கேள்வி.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும், எக்கோ (இதய ஒலி அலை) பரிசோதனையை எந்த வயதில், எவ்வளவு இடைவெளியில் திரும்பச் செய்கிறீர்கள், நுரையீரல் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் சில்டெனாஃபில் மருந்தை எதை வைத்து நிறுத்துகிறீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். பெற்றோர்களாக இருப்பின், வீட்டில் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்த அனுபவத்தை எழுதலாம். குழந்தையின் பெயரோ மருத்துவ அறிக்கையின் படமோ வேண்டாம். பொதுவில் எழுதத் தயங்குபவர்கள் தனிச்செய்தியில் அனுப்பலாம்.