‘ரத்தம் கம்மி’ என்று விட்டுவிட்டோம்

பெரம்பூர் அம்மா:
என் மகளுக்கு 11 வயது. தலசீமியா மேஜர், அதாவது உடம்பு தனக்குத் தேவையான ரத்தத்தைச் சரியாக உண்டாக்காத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம்.

பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தாள். ஆறாவது மாதத்தில் வெளுக்க ஆரம்பித்தாள். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும். கண் பட்டுவிட்டது என்று மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பக்கத்து கிளினிக்கில் ‘ரத்தம் கம்மி’ என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஊற்றினோம். வயிறுதான் உப்பிக்கொண்டே போனது. அது மண்ணீரல் வீக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஹீமோகுளோபின் 4.8. அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?” ஆமாம், அவர் என் மாமா பையன். எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஹெச்பி ஏ2 என்பது ஹீமோகுளோபினில் ஒரு வகை, அது 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 5.2, அவருக்கு 5.6. இருவருமே தலசீமியா மைனர், அதாவது நோய் இல்லாமல் அந்தக் குறையை மட்டும் சுமப்பவர்கள். அதற்காக நாங்கள் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. ஆனால் இரண்டு மைனருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் மேஜராக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அசலில் கட்டியவர்கள் நமக்கில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். இரண்டு பேரும் மைனராக இருந்துவிட்டால் அங்கேயும் இதேதான்.

கர்ப்பமாக இருந்தபோது எனக்கே 9.5தான் இருந்தது. முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்றார்கள். சாப்பிட்டேன். அன்றைக்கே இந்த ஒரு பரிசோதனையை எழுதிக் கொடுத்திருக்கலாமே என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

ரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேர்ந்துவிடும், இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்ற தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.

கொழுந்தனுக்குப் பெண் பார்த்தபோது, இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுங்கள் என்று நின்றேன். கல்யாணப் பேச்சில் இது என்ன அபசகுனம் என்று பெரியவர்களுக்குக் கோபம். அவனுக்கு மைனர், பெண்ணுக்கு இல்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

குரோம்பேட்டை அப்பா:
அக்கா, எங்கள் வீட்டில் ஹீமோஃபிலியா, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய். பையனுக்கு மூன்று வயதில் முழங்கால் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினோம். வலிக்கு ஊசி போட்ட இடமும் கறுத்து வீங்கியது. பிறகு பார்த்த டாக்டர் கேட்டார், “தாய்மாமன் யாருக்காவது இப்படி இருந்ததா?” என் மனைவி அழுதுவிட்டாள். அவளுடைய அண்ணன் ஏழு வயதில் பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்காமலே இறந்துபோனவர். வீட்டில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பேசியிருந்தால் அந்தக் காலை நீவியிருக்க மாட்டோம், உள்ளே கசிந்துகொண்டிருந்தது ரத்தம்.

இப்போது ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 ஊசி போடுகிறோம், ஓடி விளையாடுகிறான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் தலசீமியாவும் இருக்கின்றன. பாப்பாவுக்கு அட்டை வாங்கிவிட்டீர்களா அக்கா?

வேளச்சேரி தம்பி:
நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கிறவன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு குழந்தைக்கு அது தேவைப்படும் என்று இன்றுவரை தெரியாது. அக்கா, எனக்கு ஐப்பசியில் கல்யாணம். லேபில் என்னவென்று கேட்க வேண்டும்?

பெரம்பூர் அம்மா:
அட்டை வாங்கிவிட்டோம் தம்பி.

வேளச்சேரி தம்பிக்கு: ஹெச்பிஎல்சி அல்லது ஹெச்பி எலக்ட்ரோபோரசிஸ் என்று கேளுங்கள், இரண்டுமே ஹீமோகுளோபினை வகை பிரித்துப் பார்க்கும் டெஸ்ட். வெறும் ஹீமோகுளோபின் பார்த்தால் போதாது. கடந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு யாராவது ரத்தம் ஏற்றியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிப்போர்ட் குழப்பும். அப்புறம், மே மாதம் காலேஜ் லீவில் முகாம்கள் குறைந்துவிடும். அந்த மாதம்தான் நாங்கள் பாட்டிலுக்கு அலைவோம். முடிந்தால் உங்கள் முறையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.