குதிங்கால் வலி: அழுத்தணுமா, சுரண்டணுமா, மூட்டை அசைக்கணுமா? அவசரம்

ரதவீதிக்காரி: குதிங்கால் வலி உயிர் போகுது. ஜங்ஷன்ல ஒரு பிசியோ கெண்டைக்காலையும் பாதத்தையும் கட்டைவிரலால அழுத்தி விடுதாரு. பாளையங்கோட்டையில இன்னொருத்தர், அதெல்லாம் பழசு, ஸ்டீல் பட்டையால சுரண்டணும்ங்காரு. தங்கச்சி வீட்டுக்காரர் போற எடத்துல கணுக்காலைப் புடிச்சுப் பின்னால தள்ளி மூட்டை அசைக்காவளாம். எதுக்குத் துட்டு கட்ட? பத்து தடவைக்குச் சேத்துக் கட்டுனா குறைச்சுக்குவாவளாம், சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க.

பேட்டை பாய்: எந்தக் காலு? எத்தன நாளா? சுகர் உண்டா?

அம்பை அண்ணாச்சி: துட்டே வேண்டாம். செங்கல்லைச் சூடாக்கி, மேல பழுத்த எருக்கிலைய விரிச்சு, குதிங்காலை வச்சு வச்சு எடுங்க. எங்க அம்மைக்கு இதுலதான் கேட்டுது.

முக்கூடல்: எக்ஸ்ரே எடுத்தாச்சா? எலும்பு முள்ளு வளந்திருக்கும். அதை எடுக்காம என்ன அழுத்துனாலும் போவாது.

மூத்தவர்: வழக்கமான பல்லவி. வயசு இல்ல, வேலை என்னன்னு இல்ல, எப்ப வலிக்குதுன்னு இல்ல. நாங்க மை போட்டா பாக்க முடியும்? இதே கேள்வி இங்கனயே நூறு கெடக்கு. தேடிப் படிச்சுட்டு வரவும்.

ரதவீதிக்காரி: வலது காலு. வயசு 43. சுகர் இல்ல. ஜவுளிக்கடையில நிக்கிற வேலை. காலைல கட்டில விட்டு எறங்கி ஊனுற மொத அடிதான் கொல்லுது, நாலு எட்டு வச்சா கொஞ்சம் விடும். மதியம் சாப்பிட்டு எந்திரிச்சா திரும்ப அதே கதை.

தென்காசி பிசியோ: அக்கா, பாதத்துக்கு அடியில ஓடுற பிளான்டார் ஃபேஸியா பட்டைதான்னு தோணுது. மொத அடி வலி அதோட அடையாளம். மூணு முறையில எது ஒசத்தின்னு தீர்ப்பாகிப் போன வழக்கு இல்ல இது. உங்க கால்ல எது இறுகிக் கெடக்குன்னு பாக்கணும். கெண்டைச் சதையில முடிச்சு இருந்து, அதை அமுக்குனா குதிங்காலுக்கு வலி ஓடுச்சுன்னா அழுத்துறது எடுபடும். சுவரைப் பாத்து நின்னு, குதிங்காலைத் தூக்காம முட்டியால சுவரைத் தொடுங்க. வலது மட்டும் எட்டலைன்னா கணுக்கால் மூட்டு இறுகிக் கெடக்குன்னு அர்த்தம், மூட்டை அசைக்கிறவர்ட்ட போங்க. சுரண்டுற பட்டையால பிசியோவோட கட்டைவிரல் தப்பிக்கும், அது உண்மை. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதவங்களுக்கு அது வேண்டாம்.

2009-ல 60 பேர வச்சுப் பாத்தாங்க. பிசியோ கையால அழுத்தி, அசைச்சுச் செய்யுத சிகிச்சையும் பயிற்சியும் ஒரு பக்கம், கரண்ட் வைக்கிறதும் பயிற்சியும் மறுபக்கம். 6 மாசம் கழிச்சும் கையால சிகிச்சை எடுத்தவங்க நடமாட்டம் மேல. ஆனா ரெண்டு பக்கமும் பயிற்சி உண்டு, அதை விட்டுறாதீங்க. எந்திரிக்கு முன்னாலயே வலிக்கிற காலை மறு தொடை மேல போட்டு, விரல்களைக் கையால மேல்பக்கமா வளைச்சுப் புடிங்க. அடிப்பாதம் வடக்கயிறு மாதிரி விறைக்கணும். 10 எண்ணி விடணும். அப்படி 10 தடவை, நாளைக்கு 3 வேளை.

முக்கூடல்: அப்ப எலும்பு முள்ளு?

தென்காசி பிசியோ: வலியே இல்லாதவங்க எக்ஸ்ரேயிலயும் அது இருக்கும் சார்.

மூத்தவர்: செங்கல் வைத்தியம் சொன்னவரைக் காணோமே.

அம்பை அண்ணாச்சி: இங்கனதான் வே இருக்கேன்.

பேட்டை பாய்: அண்ணாச்சி, எங்க தெருவுல சுகர்காரர் ஒருத்தருக்குச் சூடு தெரியாம தோல் பொத்துப்போச்சு. எருக்கம்பால் கண்ணுல பட்டா பார்வைக்கே கேடு.

அம்பை அண்ணாச்சி: பழுத்த இலையில எங்க வே பாலு? அந்தம்மாவுக்குச் சுகரும் இல்ல.

மூத்தவர்: பாளையங்கோட்டை சித்தா காலேஜ்ல போய்க் கேளும், முறையாச் சொல்லுவாங்க.

அம்பை அண்ணாச்சி: அங்க சொல்லிக்குடுக்க தொக்கணத்துல, அதான் சித்த வைத்தியத்துல கையால உடம்பைப் புடிச்சு விடுத முறையில, 9 வகை உண்டு. அழுத்தல், இழுத்தல், அசைத்தல் எல்லாம் அதுல இருக்கு. சுரண்டல்தான் இல்ல, அது உங்க ஆளுக சேத்தது.

மூத்தவர்: எங்க ஆளுகன்னா யாரு? நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன்.

ரதவீதிக்காரி: தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு வெறுங்காலோட நடந்தேன். அதுக்கப்புறந்தான் வந்துது. அதுவும் சொல்லணுமா?

தென்காசி பிசியோ: அக்கா!! அதை மொதல்லயே சொல்லக்கூடாதா. ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல குதிங்கால் எலும்பை வச்சு ரெண்டு பக்கமும் நெருக்குங்க. அதுல உயிர் போனா எலும்புல கீறல் இருக்கலாம். அப்ப அழுத்தவும் வேண்டாம், அசைக்கவும் வேண்டாம், நேரா எலும்பு டாக்டர். ஆரம்பத்து எக்ஸ்ரேயில கீறல் தெரியாமலும் போகும், அதையும் அவர்ட்ட கேளுங்க. எரிச்சல், மரமரப்பு உண்டா?

ரதவீதிக்காரி: இல்ல. நெருக்குனாலும் ஒண்ணும் இல்ல. அடியில, உள்பக்கமா ஒரே எடத்துலதான் வலி. முட்டி சுவத்துக்கு எட்டல, எடது எட்டுது.

தென்காசி பிசியோ: அப்ப அசைக்கிறவர்ட்ட ஒரு தடவைக்கு மட்டும் கட்டுங்க. பத்துக்கு வேண்டாம். முடிஞ்சதும் அங்கனயே திரும்ப முட்டிய எட்டிப் பாருங்க. கடையில எம்சிஆர் செருப்பு, அதான் மெத்துன்னு இருக்க ரப்பர் செருப்பு, போட விடுவாவளா?

பேட்டை பாய்: கடையில உக்கார எடம் குடுக்கணும்னு 2021-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சே.

ரதவீதிக்காரி: ஸ்டூல் இருக்கு. அது மேல சேலை மடிச்சு வச்சிருக்கு. செருப்பு வாசலோட சரி. ஒரு தடவைக்குக் கட்டியாச்சு, முட்டி முன்னைக்குக் கொஞ்சம் எட்டுது. கடைக்கு நேரமாச்சு, வாரேன்.

முக்கூடல்: எக்ஸ்ரேயும் ஒண்ணு எடுத்துருங்க.