'எம்பயர் வெயிஸ்ட்' என்பதற்குக் 'கச்சிடை'

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல்களுக்கு வரையப்பட்ட பழைய படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது 'எம்பயர் வெயிஸ்ட்' என்ற கவுன் பாணியைப் 'பேரரசு இடை' எனலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பேரரசு நெப்போலியனுடையது; படங்களில் இருப்பவர்களோ அவரை எதிர்த்துப் போரிட்ட இங்கிலாந்தின் பெண்கள். அதைவிட முக்கியமாக, மார்புக்குச் சற்றுக் கீழே நாடாவால் கட்டப்பட்டு அங்கிருந்து பாதம்வரை நேராக விழும் அந்தக் கவுனின் வடிவம் இச்சொல்லில் எங்குமே இல்லை.

படத்தில் இருப்பது எந்தக் காலத்து உடை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த இடைக்கோடுதான். ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் 1813இல், ரீஜென்சி காலத்தில் (அரசருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட 1811-20), படங்களின்றி வெளிவந்தது. 1833இல் பென்ட்லி என்ற பதிப்பாளர் வெளியிட்ட பதிப்பின் முகப்புப் படத்தில் தந்தையோடு பேசும் கதாநாயகி எலிசபெத்துக்கு இடை இயல்பான இடத்துக்கே இறங்கிவிட்டது, சட்டைக்கையும் உப்பியிருக்கிறது. அது 1830களின் உடை. ஆனால் 1894இல் ஹியூ தாம்சன் வரைந்த 160 படங்களில் இடை மீண்டும் மேலேறுகிறது. இருபது ஆண்டு தள்ளி வரைந்தவரைவிட எண்பது ஆண்டு தள்ளி வரைந்தவர் கதையின் காலத்துக்கு நெருங்கி நிற்கிறார் என்பதை, நல்ல சொல் ஒன்று இருந்தால் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

'உயரிடை' நல்ல சொல்தான். ஆனால் இன்றைய 'ஹை வெயிஸ்ட்' பேன்ட்டுக்கு அது தேவைப்படும். 'மார்படி இடை' பொருளில் சரியென்றாலும், காதில் விழும்போது மாரடிப்பதை நினைவூட்டுகிறது. ஆகவே 'கச்சிடை' என்பதை முன்வைக்கிறேன். மார்க்கச்சு என்ற சொல் நமக்குப் பழக்கமானது. கச்சு கட்டும் இடத்தில் அமைந்த இடை என்று விளக்கமின்றியே புரியும். இடுப்பில் கட்டும் கச்சை என்பதோடு குழம்பாதா என்று சிலர் கேட்கக்கூடும். 'கச்சிடைக் கவுன்' என்று சேர்த்து எழுதினால் அந்த ஐயம் எழாது என்றே கருதுகிறேன்.

அக்காலப் பெண்கள் வணங்கும் முறையான 'கர்ட்சி' என்பதற்கு 'மண்டியிடுதல்' என எழுதுவதையும் கைவிட வேண்டுகிறேன். ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து, முதுகு நிமிர்ந்தபடி இரு முழங்கால்களையும் சற்றே மடிப்பதுதான் அது. முழங்கால் தரையில் படுவதில்லை. கச்சிடைக் கவுனின் நீண்ட துணி அந்த மடிப்பை மறைத்துவிடுவதால், படத்தில் உருவம் தாழ்வது மட்டுமே தெரிகிறது. இதற்குக் 'கால்மடி வணக்கம்' என எழுதி வருகிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.